லியோனில் அரை நாளும் அதன் பிறகு ஒன்பது நாள்களும்

பிரான்சின் லியோன் நகருக்குப் போகிறோம் என்று சொன்னபோது, ஐரோப்பியச் சுற்றுலாக் குழு ஒன்றுடன் அந்த ஊரைக் கடந்து வந்திருந்த சேலத்து நண்பர் ஒருவர், அங்கே பார்ப்பதற்கு அரை நாள் போதும் என்றார். குன்றின்மேல் ஒரு வெள்ளைத் தேவாலயம், அடிவாரத்தில் பழைய தெருக்கள், நடு ஊரில் குதிரைமேல் மன்னர் வீற்றிருக்கும் பெரிய மைதானம், இவற்றைப் பார்த்துவிட்டால் பேருந்தில் ஏறிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அவர் சொன்ன மூன்றையும் நாங்கள் முதல் நாள் நண்பகலுக்குள் பார்த்து முடித்துவிட்டோம். ஆனால் மேலும் ஒன்பது நாள் தங்கிவிட்டு ரயில் ஏறியபோது, பார்க்காமல் விட்டவற்றின் பட்டியல் என் குறிப்பேட்டில் இரண்டு பக்கத்துக்கு நீண்டிருந்தது. அந்த ஒன்பது நாள்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நாங்கள் என்பது நானும் என் அண்ணனும். நான் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஏற்காட்டில் வசிக்கிறேன். அண்ணன் சேலம் அம்மாப்பேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். அறுபத்தேழு வயதாகியும் தறியை விட்டு இறங்க மறுப்பவர். அவருடைய மகன் வேலை நிமித்தமாக லியோனில் இருக்கிறான். விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டு, 'அத்தை, அப்பாவை நீங்கள்தான் கூட்டி வர வேண்டும், தனியாக வரச் சொன்னால் கிளம்ப மாட்டார்' என்று என்னைப் பிடித்துக்கொண்டான். வார நாள்களில் அவனுக்கு அலுவலகம் இருந்ததால், பிரெஞ்சு தெரியாத இரண்டு முதியவர்கள் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் சுற்றினோம். பாரிஸ் விமான நிலையத்திலிருந்தே லியோனுக்கு அதிவேக ரயில் இருக்கிறது. இரண்டு மணி நேரப் பயணம். சேலத்திலிருந்து ஈரோடு போவதற்குள் நம் ஊரில் எத்தனை முறை வண்டி நிற்கும் என்று அண்ணன் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோதே வண்டி லியோனுக்குள் நுழைந்துவிட்டது.

இரண்டு ஆறுகளும் இரண்டு குன்றுகளும் அமைந்த ஊர் அது. வடக்கிலிருந்து சோன் ஆறும் கிழக்கிலிருந்து ரோன் ஆறும் வந்து ஊரின் தெற்கில் கூடுகின்றன. சோன் ஆற்றின் மேற்குக் கரையில் ஃபூர்வியேர் குன்று நிற்கிறது. ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தின் வடக்கே குருவா-ரூஸ் குன்று எழுகிறது. முன்னதை வழிபடும் குன்று என்றும் பின்னதை உழைக்கும் குன்று என்றும் அவ்வூரார் சொல்வது வழக்கம். சுற்றுலாக் குழுக்கள் வழிபடும் குன்றோடு திரும்பிவிடுகின்றன. எங்கள் நண்பரும் அப்படித்தான் திரும்பியிருக்கிறார் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் விளங்கியது.

ஃபூர்வியேருக்கு ஏறுவதற்கு, கம்பி வடத்தால் இழுக்கப்படும் ஒரு சிறிய ரயில் உண்டு. ஊர் மக்கள் அதை 'கயிறு' என்றே அழைக்கிறார்கள். மேலே உள்ள தேவாலயம், 1870இல் பிரஷ்யப் படைகள் வந்துவிடுமோ என்று அஞ்சிய மக்கள் நேர்ந்துகொண்ட வேண்டுதலின்படி 1872இல் கட்டத் தொடங்கப்பட்டது. நான்கு மூலைகளிலும் நான்கு கோபுரங்கள் நிற்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கிறது என்று லியோன்காரர்களே கேலி செய்வார்களாம். யானையை நேரில் பார்த்தே வளர்ந்த எங்களுக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. உள்ளே சுவர் முழுவதும் பொன்னும் நீலமுமாகப் பதித்த சில்லு ஓவியங்கள். அழகுதான் என்றாலும் கண்ணுக்கு ஓய்வு தராத அழகு. நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

தேவாலயத்திலிருந்து சற்றே இறங்கினால் ரோமானியர் காலத்து அரங்கம் இருக்கிறது. கி.மு. 43இல் முனாத்தியஸ் பிளாங்கஸ் என்ற ரோமானியத் தளபதி லுக்துனும் என்ற பெயரில் நிறுவிய குடியேற்றமே பிற்காலத்து லியோன். சுமார் 10,000 பேர் உட்காரக்கூடிய அந்த அரங்கத்தின் கல் படிகளில் உட்கார்ந்து நாங்கள் கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். யாரும் தடுக்கவில்லை. பக்கத்திலேயே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி குன்றுக்குள் புதைத்துக் கட்டியது போன்ற ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த கிளாடியஸ் பேரரசர், அன்றைய பிரான்சுப் பகுதியான கால் (Gaul) நாட்டுப் பிரமுகர்களையும் ரோமானிய ஆட்சி மன்றத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கி.பி. 48இல் ஆற்றிய உரை பொறிக்கப்பட்ட வெண்கலப் பலகை அங்கே உள்ளது. 1528இல் அதைக் குருவா-ரூஸ் சரிவில் இருந்த தன் திராட்சைத் தோட்டத்தில் கண்டெடுத்தவர் ஒரு துணி வணிகர் என்று படித்துச் சொன்னேன். அதுவரை கல்லையும் வெண்கலத்தையும் மரியாதைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் முதன்முறையாக நிமிர்ந்து, 'துணிக்காரரா? இந்த ஊரில் என்ன துணி?' என்று கேட்டார். பட்டு என்றேன். அவருக்கு அது தெரியாது. அவருடைய மகன் இரண்டு ஆண்டுகளாக அங்கே வசித்தும் அதைச் சொல்லவில்லை.

அடிவாரத்தில் உள்ள பழைய லியோனில் செயின்ட் ஜான், செயின்ட் பால், செயின்ட் ஜார்ஜ் என்று மூன்று பேட்டைகள். 1950களில் அவை பாழடைந்து, இடித்து அகலச் சாலை போடலாம் என்ற பேச்சும் எழுந்திருந்தது. ஊர் மக்களின் எதிர்ப்பால் அது நின்றது. பழைய குடியிருப்புகளை முழுப் பகுதியாகவே காப்பதற்குப் பிரான்ஸ் சட்டம் இயற்றியபோது, 1964இல் அதன் முதல் பயன் இந்தப் பேட்டைகளுக்கே கிடைத்தது. 1998இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் நகரின் வரலாற்றுப் பகுதி சேர்ந்தது. இன்று அந்தத் தெருக்களில் உணவகமும் நினைவுப்பொருள் கடையும் மாறி மாறி வருகின்றன. தெருவை மட்டும் பார்த்துவிட்டு நடந்தால், எங்கள் நண்பர் சொன்ன அரை நாள் கூட அதிகம்.

பார்க்க வேண்டியவை கதவுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. ஒரு தெருவில் உள்ள வீட்டுக் கதவைத் திறந்து நுழைந்து, இருண்ட நடை வழியாகப் போய், முற்றத்தைத் தாண்டி, மறுபடியும் ஒரு நடையில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும் வழிகளை அங்கே திராபூல் என்கிறார்கள். குறுக்கே நடந்து செல்வது என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். தெருக்கள் ஆற்றுக்கு இணையாக ஓடுவதாலும், அவற்றை இணைக்கும் குறுக்குத் தெருக்கள் மிகக் குறைவு என்பதாலும், வீடுகளே வழியாகிவிட்டன. நூற்றுக்கணக்கில் இருக்கும் இத்தகைய வழிகளில் சுமார் 40 மட்டும் வெளியாருக்குத் திறந்திருக்கின்றன. அவையும் மக்கள் குடியிருக்கும் வீடுகளே. விளக்குக்கும் பராமரிப்புக்கும் நகராட்சி உதவுகிறது, அதற்கு ஈடாகக் குடியிருப்பவர்கள் பகல் வேளையில் வழி விடுகிறார்கள் என்பது ஏற்பாடு. கதவருகே உள்ள பொத்தானை அழுத்தினால் பூட்டு விடுபடும். காலை நேரமே நிச்சயமானது, பிற்பகலில் பல கதவுகள் திறப்பதில்லை.

முதல் கதவைத் தள்ள எங்கள் இருவருக்குமே கை வரவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவது போன்ற கூச்சம். செயின்ட் ஜான் தெருவில் 54ஆம் எண் வீட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றோம். அதன் பிறகு, பால் பாக்கெட்டுடன் வந்த ஓர் இளைஞன் பொத்தானை அழுத்தி, கதவைப் பிடித்துக்கொண்டு எங்களை உள்ளே வரச் சொன்னான். பழைய லியோனிலேயே மிக நீளமான திராபூல் அது. நான்கு வீடுகளின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு போய் பெஃப் தெருவின் 27ஆம் எண்ணில் வெளிவருகிறது. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஐந்து மாடி உயரத்தில் வானம் ஒரு வேட்டித் துண்டின் அகலத்துக்குத் தெரிகிறது. சுழல் படிக்கட்டு, மாடிதோறும் வளைவுகள், கொடியில் யாருடைய காலுறைகளோ காய்கின்றன. ஜுய்வெரி தெருவின் 8ஆம் எண் முற்றத்தில் 1536ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு மாடம் இருக்கிறது. கிணற்றையும் முற்றத்தையும் இடிக்காமல், இரண்டு கட்டடங்களைக் காற்றில் தொங்குவது போன்ற நடையால் இணைத்த வேலை. அதே 1536இல்தான் முதலாம் பிரான்சுவா மன்னர், இத்தாலியிலிருந்து வந்த இரண்டு வணிகர்களுக்கு லியோனில் பட்டு நெய்யும் உரிமையை வழங்கினார்.

ஒரு தவறும் செய்தோம். அதை மறைக்க விருப்பமில்லை. மூன்றாவதோ நான்காவதோ நுழைந்த முற்றத்தில், கூரையைத் தாங்கும் கல் வளைவுகளைக் காட்டி நான் வகுப்பறைக் குரலில் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன். மாடிச் சன்னலைத் திறந்த ஒரு பெண்மணி, உதட்டில் விரலை வைத்துக் காட்டி, கன்னத்தில் கையை வைத்துக் குழந்தை தூங்குவதைச் சைகையால் சொன்னார். அமைதி காக்குமாறு கேட்கும் பலகை நுழைவாயிலிலேயே இருந்ததை வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். அண்ணன் அன்று முழுவதும் 'மெதுவா பாப்பா, மெதுவா' என்று சொல்லிக்கொண்டே வந்தார். அறுபதைத் தாண்டியவளை இன்னும் பாப்பா என்று அழைப்பவர் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை மருமகனும் சேர்ந்துகொள்ள, மெட்ரோவின் சி வழித்தடத்தில் குருவா-ரூஸ் குன்றுக்கு ஏறினோம். நீலகிரி மலை ரயிலைப் போல இதுவும் பல் சக்கரம் பிடித்து ஏறும் வண்டி, ஆனால் சுரங்கத்துக்குள் ஏறுகிறது. மேலே குருவா-ரூஸ் சதுக்கத்தில் ஒரு சிலை. அதன் கீழே இருந்த பெயரை மருமகன் படித்ததும் அண்ணன் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஜோசப் மரி ஜக்கார்டு. 1752இல் லியோனில் பிறந்து 1834இல் மறைந்தவர். அண்ணனுடைய தறியின் தலைமேல் நாற்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் பெட்டியின் பெயர் ஜக்கார்டு. அது ஒரு மனிதருடைய பெயராக இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. மோட்டார் கம்பெனியின் பெயர் போல ஏதோ ஒரு கம்பெனி என்று நினைத்திருந்தாராம். செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தார். மூன்று டிகிரிக் குளிர் அவரைத் தடுத்தது.

இவ்ரி தெருவில் நெசவாளர் இல்லம் என்ற சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. லியோனின் பட்டு நெசவாளரைக் கனூ என்று அழைப்பார்கள். அந்தப் பெயரையே இல்லத்துக்கும் வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியாக வந்த பெண், கைத்தறியில் ஏறி நின்று மிதித்துக் காட்டினார். ஜக்கார்டு பெட்டி செய்யும் வேலை, விளக்கிச் சொன்னால் எளிது. பூ வேலைக்கு ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கு இழைக்கும், எந்தெந்தப் பாவு இழைகள், அதாவது நெடுக்கு இழைகள், மேலே எழ வேண்டும் என்பதைத் துளையிட்ட ஓர் அட்டை தீர்மானிக்கிறது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும், அந்த ஊசியோடு சேர்ந்த கொக்கி தன் இடத்திலேயே நின்று, கத்தி எனப்படும் மேலேறும் பட்டையில் மாட்டி, இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்று ஆயிரக்கணக்கான அட்டைகளைக் கயிற்றால் கோத்து மாலையாகத் தொங்கவிடுகிறார்கள். 1804இல் ஜக்கார்டு இதைச் செம்மைப்படுத்துவதற்கு முன்பு, தறியின் பக்கத்தில் உட்கார்ந்து கயிறுகளை இழுத்து இழைகளைத் தூக்குவதற்கென்றே ஓர் உதவியாள் வேண்டும். பல நேரங்களில் சிறுவர் சிறுமியர்தாம் அந்த வேலையைச் செய்தார்கள். எங்கள் தாத்தாவின் தறியில் கரை நெய்வதற்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளியவர் எங்கள் அப்பா. அதனால் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. வழிகாட்டி அந்தச் சிறுவர்களைப் பற்றிச் சொன்னபோது, மருமகன் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்துக்குத் துளை அட்டையைத் திட்டமிட்டார் என்பதை என் மாணவிகளுக்குப் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். 1839இல் லியோனில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தபோது அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன, பாபேஜிடம் அதன் பிரதி ஒன்று இருந்தது. கணிப்பொறித் துறையில் வேலை செய்யும் மருமகனுக்கு இவையெல்லாம் புதிய செய்தி. ஆகவே அன்று மூன்று பேருக்கும் மூன்று விதமான நாளாக அமைந்தது.

வழிகாட்டி மிதித்தபோது எழுந்த ஓசையை அவ்வூரில் 'பிஸ்தாங்க்ளாக்' என்று குறிப்பிடுகிறார்கள். தறிக்கே அது செல்லப் பெயராகவும் ஆகிவிட்டது. மிதி ஒன்று, நாடா ஒன்று, அச்சு அடிப்பது ஒன்று என்று மூன்று ஓசைகளும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கின்றன. அம்மாப்பேட்டையில் நாங்கள் வெறுமனே 'சடக்கு சடக்கு' என்போம், மிதியின் ஓசையை விட்டுவிடுகிறோம். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மிதி கொஞ்சம் கனமாக விழுகிறது, எண்ணெய் போதவில்லை என்றார். மருமகன் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு முகக்குறிப்பிலேயே ஏதோ புரிந்து, இவர் யார் என்று கேட்டார். நெசவாளி என்றதும், கயிற்றுத் தடுப்பைத் தூக்கி உள்ளே அழைத்தார். அண்ணன் தறியைத் தொடவில்லை. பாவின் விறைப்பை மட்டும் புறங்கையால் தடவிப் பார்த்தார். சிக்கலான வெல்வெட் வேலையில் ஒரு நாள் முழுவதும் உழைத்தாலும் சில சென்டிமீட்டர்தான் நெய்ய முடியும் என்று வழிகாட்டி சொன்னபோது, அண்ணன் கேட்ட ஒரே கேள்வி, கூலி அளவுக்கா, நாளுக்கா என்பது.

அளவுக்குத்தான். அதில்தான் இந்தக் குன்றின் கதை முழுவதும் இருக்கிறது. தறி நெசவாளருடையது, வீடு அவருடைய வாடகையில். நூலையும் வடிவத்தையும் தந்து, நெய்த துணியை வாங்கிக்கொள்பவர் வணிகர். நம் ஊரில் பாவும் ஊடையும் முதலாளி தந்து கூலிக்கு நெய்வதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் கிடையாது. 1831இல் துணியின் விலை வீழ்ந்து கூலியும் குறைந்தபோது, நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றைக் கேட்டார்கள். மாவட்ட ஆட்சித் தலைவர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச, அக்டோபரில் பட்டியல் ஒப்புக்கொள்ளப்பட்டது. வணிகர்களில் பலர் அதை மதிக்க மறுத்தனர். நவம்பர் 21ஆம் நாள் நெசவாளர்கள் கறுப்புக் கொடியோடு குன்றிலிருந்து இறங்கினார்கள். 'உழைத்து வாழ்வோம் அல்லது போரிட்டு மடிவோம்' என்பது அந்தக் கொடிக்குரிய வாசகம். மறுநாள் நடந்த சண்டைக்குப் பின் படைகள் ஊரை விட்டு விலகின. பிரான்சின் இரண்டாவது பெரிய நகரம் சில நாள் நெசவாளர்களின் கையில் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் பெரும் படை வந்து ஊரை மீட்டது. கூலிப் பட்டியல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது, அதற்குத் துணை நின்ற ஆட்சித் தலைவர் பதவி இழந்தார். 1834 ஏப்ரலில் நடந்த இரண்டாவது கிளர்ச்சி பீரங்கியால் அடக்கப்பட்டது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக இதை நடத்தியிருக்கிறேன். அந்தச் சரிவில் முழங்கால் வலியோடு இறங்கும்போது, ஒவ்வொரு தெருமுனையும் ஆற்றங்கரையை நோக்கியே திரும்புவதும், மேலிருந்து இறங்கி வருபவர்களைக் கீழே உள்ளவர்கள் எவ்வளவு தொலைவிலேயே பார்த்திருக்க முடியும் என்பதும் கண்ணுக்குத் தெரிகின்றன.

குருவா-ரூஸின் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அலங்காரமே இல்லாத, உயரமான, தட்டையான சுவர்கள். சன்னல்கள் மட்டும் ஆளுயரத்தைவிடப் பெரியவை. ஜக்கார்டு பெட்டி ஏறிய தறி உயரமானது என்பதால் பழைய லியோனின் தாழ்ந்த அறைகளில் அதை நிறுத்த முடியவில்லை. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தக் குன்றில் சுமார் 4 மீட்டர் உயரக் கூரையோடு புதிய குடியிருப்புகள் எழுந்தன. கூரையின் மர உத்தரங்களோடு தறியை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். தறிக்குக் கொடுத்தது போக மிஞ்சிய மூலையில் ஒரு பரண் கட்டி, குடும்பம் அதில் தூங்கியது. பட்டின் நிறம் பிரித்தறியப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு பெரிய சன்னல்கள். இவை அனைத்தையும் கேட்டுவிட்டு அண்ணன், 'நாம் கீழே குழி வெட்டி உட்கார்ந்தோம், இவர்கள் மேலே கூரையைத் தூக்கிவிட்டார்கள்' என்றார். குழித்தறியில் கால் வைத்தே முழங்கால் தேய்ந்தவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே பெட்டி வைப்பதற்காக ஓட்டைப் பிரித்து, நான்கு அடி கூரையை உயர்த்திய கதை ஒன்று உண்டு. அந்த ஆண்டு ஐப்பசி மழை முழுவதும் தறியின்மேல்தான் பெய்தது.

சரிவில் வோராஸ் முற்றம் என்ற திராபூல் இருக்கிறது. ஆறு மாடிக்கு எழும் திறந்த கல் படிக்கட்டு அதன் சிறப்பு. மழையில் நனையாமல் பட்டுச் சுருளைத் தோளில் சுமந்து வணிகரின் கடைக்கு இறங்க இந்த வழிகள் உதவின என்பார்கள். 1848இன் கிளர்ச்சியில் ஈடுபட்ட நெசவாளர் குழுவொன்றின் பெயரே முற்றத்துக்கு நிலைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியரை எதிர்த்த இரகசியப் படையினருக்கும் இத்தகைய வழிகள் பயன்பட்டிருக்கின்றன. குன்றின் உச்சிக்கு அருகே, 1987இல் ஒரு மொட்டைச் சுவரில் 1,200 சதுர மீட்டர் பரப்பில் தீட்டிய ஓவியம் உள்ளது. அதே தெருவும் படிக்கட்டும் உண்மையாகவே மேலேறிப் போவது போல இருக்கும். 1997லும் 2013லும் அதைப் புதுப்பித்தபோது, ஓவியத்தில் இருந்த அக்கம்பக்கத்து மனிதர்களுக்கும் வயதைக் கூட்டித் தீட்டியிருக்கிறார்கள். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் கழித்தோம். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம் அதுதான்.

இந்தக் குன்றைப் பற்றி ஒரு மனக்குறையும் உண்டு. பிஸ்தாங்க்ளாக் ஓசையைக் கேட்க இன்று அருங்காட்சியகத்துக்கோ, சங்கம் ஒன்று பாதுகாக்கும் பழைய பட்டறைக்கோ நுழைவுச்சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். உயர்ந்த கூரை வீடுகளில் இப்போது தறி இருந்த இடத்தில் சோபாவும் புத்தக அலமாரியும் இருக்கின்றன, அவற்றின் வாடகை நெசவாளருக்கு எட்டாதது. சேலத்தில் ஓசை இன்னும் தெருவில் இருக்கிறது, பாதுகாப்பதற்கு ஆள் இல்லை. எது மேல் என்று அண்ணனிடம் கேட்டேன். இங்கே நெய்வதற்கு ஆள் இருந்தால் இவ்வளவு சுத்தமாக இருக்காது என்று மட்டும் சொன்னார்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூஷோன் எனப்படும் லியோனின் பழைய உணவகங்கள் பன்றி, மாடு, குடல், ஈரல் என்று பெயர் பெற்றவை. சைவர்களுக்கு அங்கே பட்டினிதான் என்று அஞ்சியிருந்தோம். பட்டியலில் 'கனூவின் மூளை' என்று ஒன்று இருப்பதை மருமகன் மொழிபெயர்த்துச் சொன்னதும், அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேவிட்டார். அது மூளையே இல்லை. நீர் வடித்த புதுப் பாலாடைக்கட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, தழை நறுக்கிப் போட்டு, எண்ணெயும் வினிகரும் கலந்து ரொட்டியோடு தருவது. கெட்டித் தயிரில் செய்த வெங்காயப் பச்சடி என்று சொல்லிக் கொடுத்தால், சேலத்தில் யாரும் வேறுபாடு கண்டுபிடிக்க மாட்டார்கள். நெசவாளரை இப்படிப் பெயரிட்டுக் கேலி செய்தவர் யாராக இருந்தாலும், அவருக்குப் பசி என்றால் என்னவென்று தெரிந்திருக்காது என்பது அண்ணனுடைய கருத்து. மற்ற நாள்களில் ரொட்டியும், உருளைக்கிழங்கைப் பாலேட்டில் வேக வைத்த உணவும், ஊருக்கே உரிய இளஞ்சிவப்புப் பாதாம் மிட்டாய்ப் பணியாரமும் எங்களைக் காப்பாற்றின. நான்காம் நாளே இருவரும் தட்டுவடை செட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம்.

நாங்கள் போனது டிசம்பர் முதல் பாதியில். அந்த ஆண்டு கார்த்திகை தீபம் அதற்குச் சில நாள் முன்புதான் முடிந்திருந்தது. ஏற்காட்டுப் பனியில் அகல் அணையாமல் இருக்கப் பாதிக் கைமறைப்போடு ஏற்றிவிட்டு வந்திருந்தேன். லியோனில் டிசம்பர் 8ஆம் நாள் விளக்குத் திருநாள். 1852இல் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலையை நிறுவ செப்டம்பரில் நாள் குறித்திருந்தார்கள். சோன் ஆற்று வெள்ளத்தால் அது டிசம்பர் 8க்குத் தள்ளிப்போனது. அன்றும் பகலில் புயல் மழை வந்து விழாவைக் கெடுக்கப் பார்த்தது. மாலையில் வானம் வெளுத்ததும், மக்கள் தாமாகவே தங்கள் சன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். இப்போது அது நான்கு இரவு நீளும் பெரும் ஒளிக்காட்சியாக வளர்ந்து, பல லட்சம் பேர் ஊருக்குள் திரள்கிறார்கள். குதிரைமேல் மன்னர் இருக்கும் பெல்கூர் மைதானம் பக்கம் ஒரு முறை போய், ஆடி மாதக் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தைவிட நெருக்கமாக இருக்கவே, அடுத்த தெருவிலேயே திரும்பிவிட்டோம். அறை வாடகையும் அந்த வாரத்தில் பல மடங்கு என்றான் மருமகன். எங்களுக்கு அவன் வீடு இருந்தது. கூட்டத்தைத் தாங்க முடியாதவர்கள் அந்த நான்கு இரவுகளைத் தவிர்த்துவிட்டுப் போவதே நல்லது.

ஆனால் 8ஆம் நாள் மாலை குருவா-ரூஸில் கூட்டம் இல்லை. வரிப்பள்ளம் போட்ட சிறிய கண்ணாடிக் குவளைகளில் மெழுகுவர்த்தியை இட்டு, அந்த நெடிய சன்னல்களின் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தார்கள். மருமகனின் பக்கத்து வீட்டு மூதாட்டி எங்களுக்கும் ஒரு டஜன் குவளைகளைக் கொடுத்தார். அண்ணன் அவற்றைச் சமமான இடைவெளி விட்டு, கைச்சாணால் அளந்து அளந்து வைத்தார். ஆறாம் மாடியிலிருந்து பார்த்தபோது, எதிர்ச் சரிவில் விளக்கு வைத்த வீட்டையும் வைக்காத வீட்டையும் சன்னல் சன்னலாக எண்ண முடிந்தது.

புறப்படும் நாளன்று மதியம் ரயில். பழைய லியோனை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணன் கேட்டார். செயின்ட் ஜான் தெருவின் 54ஆம் எண் கதவில் அவரே பொத்தானை அழுத்தினார். பத்து நாளில் அந்தக் கூச்சம் போயிருந்தது. கதவு திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். உள்ளே யாரோ படியிறங்கும் ஓசை கேட்டு, பிறகு நின்றுவிட்டது. மணி இரண்டு. குழந்தை தூங்குகிறது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். பெஃப் தெருவின் 27ஆம் எண்ணுக்குத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம்.